வழுவைப் பதிவுசெய்த மாணவருக்கு மதிப்பெண் கொடுங்கள்: கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். படிப்பை முடித்து வேலை தேடி வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் பொறுப்புகளில் ஒன்று. எதிரே உட்காரும் எல்லோரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "நீங்களே கண்டுபிடித்த ஒரு பிழையைப் பற்றிச் சொல்லுங்கள்."

பெரும்பாலும் அறையில் அமைதி நிலவும். சிலர் சோதனையின் வகைகளை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். ரெக்ரஷன் என்றால் என்ன, ஸ்மோக் டெஸ்ட் என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தின் வரி மாறாமல் வரும். நான் கேட்டது அதுவல்ல என்று மெதுவாகச் சொன்னால் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. வருத்தம் அந்தப் பிள்ளைக்காக. கோபம் நம் ஏற்பாட்டின் மேல். நான்கு ஆண்டுகள் கணினி படித்த ஒருவருக்கு, நாலு பேர் நிஜமாகவே பயன்படுத்தும் ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை நாம் ஒருமுறைகூடத் தரவில்லையே!

அதற்காகத்தான் இந்த மடல். நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் உங்கள் மாணவர்கள் தன்னார்வமாகச் செய்யும் சோதனைப் பணியை, இன்டர்ன்ஷிப்புக்கோ மினி ப்ராஜெக்டுக்கோ ஈடாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்ல என் கதையிலிருந்தே தொடங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு மேற்கு மாவட்டம் ஒன்றில் பொறியியல் படித்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அது அந்தக் கல்லூரியின் குற்றம் மட்டுமே அல்ல. இறுதியாண்டில் நான்கு பேர் ஒரு அணி. பணம் சேர்த்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு கடையில் ப்ராஜெக்ட் வாங்கினோம். நிரல், அறிக்கை, படங்கள் எல்லாம் ஒரே குறுந்தகட்டில் இருந்தன. வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இரண்டு பக்கத் தாளாக அச்சடித்துத் தந்தார்கள். அட்டையில் பொன்னிற எழுத்தில் எங்கள் பெயர்கள் மின்னின. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த நிரலில் ஒரு வரியைக்கூட நான் திருத்தியதில்லை என்பதை இன்று சொல்லும்போதும் உள்ளுக்குள் கூசுகிறது.

அதே ஆண்டில்தான் வேறொன்றும் நடந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் பெரியப்பா, கொல்லிமலையைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். பாதிப் பகுதி பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தது. அதை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி, மீதியை நான் தட்டச்சு செய்தேன். கட்டற்ற உரைத்தொகுப்பான் ஒன்றைத்தான் பயன்படுத்தினேன். ஓரிடத்தில் பெயரை மாற்ற வேண்டி "கொல்லிமலை" என்று தேடினால், நான் தட்டச்சு செய்த பக்கங்களில் மட்டும் சொல் கிடைத்தது. மாற்றிய பக்கங்களில் அதே சொல் கண்முன்னே இருக்கிறது, தேடல் மட்டும் அதைத் தாண்டிப் போகிறது.

கோபத்தில் அந்தத் திட்டத்தின் வழுப்பதிவுத் தளத்துக்கு, அதாவது மென்பொருள் பிழைகளைத் தெரிவிக்கும் தளத்துக்குப் போய், தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன்: தமிழில் தேடல் வேலை செய்யவில்லை, சரிசெய்யுங்கள். மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் வேறு நாட்டுத் தன்னார்வலர், தமிழ் ஓர் எழுத்துகூட அறியாதவர். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்னென்ன செய்தால் இது நிகழ்கிறது, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, முடிந்தால் இதைக் காட்டும் மிகச் சிறிய கோப்பு ஒன்றை இணைக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டிருந்தார். அதட்டல் இல்லை, ஏளனம் இல்லை. படிக்கும்போதே என் ஒற்றை வரியை நினைத்து வெட்கமாக இருந்தது.

நான்கு இரவுகள் அதில் போயின. நூற்றிருபது பக்கக் கோப்பைப் பாதியாக வெட்டினேன், வழு இருந்தது. மறுபடியும் பாதியாக்கினேன், இருந்தது. கடைசியில் கோப்பில் மிஞ்சியது ஒரே சொல், இரண்டு முறை: மாற்றிய பக்கத்திலிருந்து ஒரு "கொல்லிமலை", நான் தட்டச்சு செய்ததிலிருந்து ஒரு "கொல்லிமலை". பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். எழுத்துகளின் யூனிகோடுக் குறியீடுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் புலப்பட்டது, ஒன்றில் ஒன்பது, மற்றதில் பத்து! நான் தட்டச்சு செய்ததில் ஒகர உயிர்மெய்க் குறி ஒரே குறியீடாக இருந்தது. பழைய பக்கங்களை யூனிகோடாக்கித் தந்த நிரலோ பழைய எழுத்துருவின் வழக்கப்படி ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைத்திருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று யூனிகோடு தரம் தெளிவாகவே வரையறுத்திருக்கிறது. அந்த உரைத்தொகுப்பான் அதைக் கவனிக்கவில்லை.

இதை எழுதி, சிறு கோப்பை இணைத்தேன். சில வாரங்களில் திருத்தம் வந்தது. தமிழ் தெரியாத தனக்கு இது ஒருநாளும் கண்ணில் பட்டிருக்காது என்று அந்த நிரலாளர் நன்றி சொல்லியிருந்தார். பொன்னெழுத்தில் அச்சான ப்ராஜெக்டைவிட அந்த இரண்டு வரி எனக்குப் பெரிதாக இருந்தது. முதல் வேலைக்கான நேர்காணலில் நான் பேசியதும் அதைப் பற்றித்தான். எதிரே இருந்தவர் என் ப்ராஜெக்ட் அறிக்கையைப் புரட்டவே இல்லை; அந்த வழுவின் எண்ணை வாங்கி, அங்கேயே திறந்து, முழு உரையாடலையும் படித்தார்.

இந்த ஒரு வழுவில் நான் கற்றவற்றை வைத்துத்தான் இன்றும் சம்பாதிக்கிறேன். பிழையை இன்னொருவர் கணினியில் மறுபடி நிகழ்த்திக் காட்டும்படி எழுதுவது; தேவையற்றதை எல்லாம் உதிர்த்து மிகச் சிறிய உதாரணத்துக்கு வருவது; ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது; எதிர்பார்த்ததையும் நடந்ததையும் பிரித்துச் சொல்வது. சோதனையாளர் வேலையின் முக்கால் பங்கு இதுதான். வகுப்பறையில் இதைச் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் பழக்க முடியாது. நிஜமான மென்பொருளும், மறுமுனையில் கேள்வி கேட்கும் நிஜமான மனிதரும் வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாத மாணவருக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். லிப்ரெஓபிஸை எடுத்துக்கொள்வோம். 2010 செப்டம்பரில் ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்து, டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் கீழ் வளர்ந்துவரும் அலுவலகத் தொகுப்பு அது. அங்கே ஒருவர் பதியும் வழு முதலில் "உறுதிசெய்யப்படாதது" என்ற நிலையில்தான் நிற்கும். வேறொருவர் தன் கணினியில் அதே படிகளைச் செய்து பார்த்து, எனக்கும் நிகழ்கிறது என்று சொன்ன பிறகுதான் அது "புதியது" ஆகும். இந்த உறுதிசெய்யும் வேலைக்கு எப்போதும் ஆள் போதாது. இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் இன்று மாலையே அதைத் தொடங்கலாம். பிறர் எழுதிய நல்ல அறிக்கைகளையும் மோசமான அறிக்கைகளையும் இருபது முறை படித்துச் செய்துபார்த்தவர், தன் அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று தானே தெரிந்துகொள்வார்.

அதற்கு அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பதிப்பில் சரியாக இருந்த ஒன்று புதிய பதிப்பில் கெட்டுவிட்டால், எந்த மாற்றத்தால் கெட்டது என்று கண்டறிய வேண்டும். லிப்ரெஓபிஸ் திட்டம் இதற்காகவே, உடனே இயக்கிப் பார்க்கத் தயாராக உள்ள பழைய பதிப்புகளை வரிசையாக அடுக்கிய களஞ்சியங்களை வைத்திருக்கிறது. நடுவில் உள்ள பதிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் வழு இருந்தால் முந்தைய பாதியில் தேட வேண்டும், இல்லையென்றால் பிந்தைய பாதியில். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறக்குறைய பத்துச் சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். ஃபயர்பாக்ஸ் உலாவிக்கும் இதே வேலையைச் செய்யும் மோஸ்ரெக்ரஷன் என்ற கருவி இருக்கிறது. ஐயா, அம்மா, இது நீங்கள் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் நடத்தும் இருமத் தேடல்தானே! தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்த மாணவர், தன் கையால் பத்தே சுற்றில் ஒரு வழுவின் பிறப்பிடத்தைப் பிடிக்கும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பாடத்தை நடத்தும்போது கரும்பலகைக்குப் பதிலாக இதைச் செய்துகாட்டிப் பாருங்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் வழங்கல்களில் ஒன்றான டெபியன் இன்னொரு பள்ளிக்கூடம். அங்கே வழுவைப் பதியும்போதே அதன் தீவிரத்தைச் சொல்ல வேண்டும். வெறும் விருப்பம் என்பதிலிருந்து மிகக் கடுமையானது என்பதுவரை ஏழு படிகள். தன் கண்ணில் பட்டது எவ்வளவு பெரிய பிழை என்பதை நிதானித்து மதிப்பிடும் பழக்கம் அதில் வரும். தன் பிழைதான் உலகிலேயே பெரியது என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது வழு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று ஒருவர் பண்போடு மறுக்கும்போது, அதை ஏற்றுக்கொள்ளவோ காரணம் காட்டி வாதாடவோ தெரிய வேண்டும். அலுவலகத்தில் இந்தத் திறமை இல்லாமல் தவிக்கும் நல்ல பொறியாளர்கள் பலரை எனக்குத் தெரியும்.

சோதனை என்றாலே இரண்டாம்தர வேலை என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் இன்னமும் போகவில்லை. நிரல் எழுதத் தெரியாதவர்களின் கடைசிப் புகலிடம் என்று மாணவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் பேசுகிறார்கள். அவர்களுக்கு 2024 மார்ச் மாதத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர். டெபியனின் இன்னும் நிலைப்படாத, வளர்ச்சி நிலைப் பதிப்பில் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. நூல் பிடித்துக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளத்தனமாக உள்ளே நுழைய யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, மார்ச் 29 அன்று ஊரறியச் சொன்னார். அந்தப் பதிப்புகள் நிலையான லினக்ஸ் வழங்கல்களுக்குள் பரவியிருந்தால், உலகெங்கும் எத்தனை சேவையகங்கள் திறந்து கிடந்திருக்கும் என்று எண்ணவே நடுக்கமாக இருக்கிறது. அவர் பாதுகாப்புத் துறை வல்லுநர் அல்லர். வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டு, ஏன் என்று விடாமல் கேட்டார். நம் பிள்ளைகளிடம் நாம் வளர்க்க வேண்டியது அந்தக் கண்ணைத்தான்.

தமிழ் மாணவர்களுக்கு இதில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு பங்கும் உண்டு. நம் எழுத்தில் வரும் சிக்கல்களை நம்மால்தான் பார்க்க முடியும். "ஸ்ரீ" என்பதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகரத்தைப் போல இவை சமம் என்று தரமும் சொல்வதில்லை. ஆயிரம் பேர் கொண்ட பெயர்ப்பட்டியலில் ஸ்ரீதரும் ஸ்ரீதேவியும் இரண்டு இடங்களில் சிதறிக் கிடப்பார்கள். தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அகரவரிசைப்படுத்தல், வரி முறிதல், பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் உயிர்மெய் முழுவதும் அழிகிறதா குறி மட்டும் அழிகிறதா என்பது, பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பு இடம் மாறுவது என்று சோதிக்க மலையளவு இருக்கிறது. பெர்லினில் இருக்கும் நிரலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் வராது என்று ஒதுங்கும் மாணவர்களுக்கும் இதுவே நல்ல வழி என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். வழு அறிக்கைக்கு அலங்கார நடை தேவையில்லை. இதைத் திற, இதை அழுத்து, இது நடந்தது, இது நடந்திருக்க வேண்டும். ஐந்தாறு சிறு வாக்கியங்கள் போதும். நான் ஆங்கிலம் எழுதப் பழகியது அப்படித்தான். எழுத்தில் பிழை இருந்தாலும், படிகள் தெளிவாக இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

இனி, நான் அஞ்சுவதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாளைக்கே நீங்கள், ஒரு மாணவர் பத்து வழு பதிந்தால் முழு மதிப்பெண் என்று சுற்றறிக்கை விட்டால் பெரும் தீங்கு விளையும். 2020 அக்டோபரில் நடந்தது நினைவிருக்கலாம். கட்டற்ற திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு மாற்றங்களை அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். திட்டத்தின் அறிமுகக் குறிப்பான ரீட்மி கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் வெற்று மாற்றங்கள் திட்டங்களின் மேல் மழையாகக் கொட்டின. அவற்றில் கணிசமானவை இந்திய மாணவர்களிடமிருந்து வந்தவை என்பது எனக்கு இன்றும் ஆறாத வேதனை. மூன்றே நாளில் விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இணையம் வழியாகத் தரவைப் பரிமாறும் கர்ல் என்ற மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதிக்கொடுத்த போலி வழு அறிக்கைகளால் நேரம் பாழாவதை 2024 ஜனவரியிலேயே வெளிப்படையாக எழுதினார். தன்னார்வலர்களின் மாலை நேரத்தைத் தின்னும் கூட்டமாக நம் மாணவர்கள் ஆகிவிடக் கூடாது.

ஆகவே எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு வழுவாக இருந்தாலும் போதும். அதன் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நீங்களே படியுங்கள். இன்னொருவரால் அதை நிகழ்த்த முடிந்ததா? கூடுதல் தகவல் கேட்டபோது மாணவர் பதில் சொன்னாரா? பிறர் பதிந்தவற்றில் எத்தனையைப் பொறுமையாகச் சோதித்து உறுதிசெய்தார்? மாணவரை எதிரே உட்காரவைத்து, அந்த வழுவை உங்கள் கணினியில் நிகழ்த்திக் காட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கியவரால் அது முடியாது. தேதியும் நேரமும் உலகம் பார்க்கும்படி அங்கே பதிவாகியிருக்கும். முத்திரை குத்திய எந்தச் சான்றிதழும் அந்த நம்பகத்தைத் தராது.

சம்பளம் இல்லாத உழைப்பை மாணவர் தலையில் கட்டுவது நியாயமா என்ற கேள்வியும் நியாயமானதே. குடும்பத்துக்காக மாலையில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது கூடுதல் சுமை ஆகக் கூடாது. பாட நேரத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கினால்தான் இது சரியாகும். மற்றபடி, இன்று இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் மாணவரிடமே பணம் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் காணொளி காட்டிச் சான்றிதழ் தரும் இடங்களோடு ஒப்பிட்டால், எல்லோருக்கும் பொதுவான மென்பொருளுக்காக உழைப்பது எத்தனையோ மேல். இதைச் செய்தால் வேலை உறுதி என்று நான் வாக்களிக்க மாட்டேன், நீங்களும் வாக்களிக்காதீர்கள். என் கேள்விக்குச் சொல்ல அவர்களிடம் ஒரு பதில் இருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கல்லூரிப் பஸ் நாலரைக்குக் கிளம்பிவிடுகிறது, ஆய்வகம் நான்கு மணிக்கே பூட்டப்படுகிறது. விடுதி மாணவர்களுக்காவது, குறிப்பாக மாணவியருக்கு, வாரத்தில் இரண்டு மாலைகள் ஆய்வகத்தைத் திறந்துவையுங்கள். சோதனைப் பதிப்பு ஒவ்வொன்றும் சில நூறு மெகாபைட் இருக்கும். கைபேசித் தரவை நம்பி அதைத் தரவிறக்கச் சொல்லாதீர்கள். கல்லூரி இணையத்தின் தடுப்புச்சுவர், வழுப்பதிவுத் தளங்களையும் நிரல் களஞ்சியங்களையும் அடைத்துவைத்திருந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள். கணினி கெட்டுவிடும் என்ற கவலை வேண்டாம். லிப்ரெஓபிஸின் ஆல்பா, பீட்டா பதிப்புகளை நிலையான பதிப்புக்குப் பக்கத்திலேயே தனியாக நிறுவிக்கொள்ளலாம். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு உண்டு. விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களோடு பல ஆண்டுகளாக உழைத்துவரும் குனு/லினக்ஸ் குழு உண்டு.

முதலில் ஓர் ஆசிரியராவது தாமே ஒரு வழுவைப் பதிந்து பார்க்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். மறுமுனையிலிருந்து எந்தப் பதிப்பு என்று கேள்வி வரும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்த ஆசிரியரால்தான், மாணவரின் பக்கத்தைப் படித்து மதிப்பிட முடியும்.

லிப்ரெஓபிஸ் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஆகஸ்ட் பதிப்பின் இறுதிக்கட்டச் சோதனைப் பதிப்புகள் ஜூலையிலும், பிப்ரவரி பதிப்பினுடையவை ஜனவரியிலும் கிடைக்கும். இரண்டில் எது உங்கள் பருவத்துக்குத் தோதாக இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. நிறுவல் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு, எந்த மாவட்டமானாலும் என் செலவிலேயே வருகிறேன். ஆய்வகத்தின் சாவி மட்டும் அன்று மாலைவரை உங்களிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் படித்த ஒரு மென்பொருள் சோதனையாளன்